ஒதுங்கியவருக்கு வைத்த பெயர்

எலக்ட்ரீஷியன் கம்பியில் சுற்றுகிற கறுப்பு நாடா இன்சுலேஷன் டேப். சர்க்கரை நோயாளி சாப்பாட்டுக்கு முன் வயிற்றில் குத்திக்கொள்கிற மருந்து இன்சுலின். தொற்று கண்டவரைச் சேர்க்கிற அறை ஐசோலேஷன் வார்டு. மூன்றுக்கும் வேர் ஒன்றே: 'இன்சுலா' என்ற லத்தீன் சொல். பொருள், தீவு. கணையத்துக்குள் தீவுத் திட்டுகள்போலச் சிதறிக் கிடக்கும் செல்களில் சுரப்பதால் இன்சுலினுக்கு அந்தப் பெயர் வந்தது. மின்சாரம் வெளியே தாவாமல் கம்பியைத் தீவாக்கிவிடுவதால் மற்றது இன்சுலேஷன் ஆனது. பழைய ரோமாபுரியில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கும் இன்சுலா என்றுதான் பெயர். நாலு பக்கமும் தெரு ஓட, நடுவில் நிற்கும் ஜனத்தீவு.

இதே குடும்பத்தில் பிறந்த இன்னொரு சொல் 'ஐசோலேஷனிஸ்ட்'. அமெரிக்க அரசியலில் நூறாண்டுக்கு மேலாகப் புழங்குகிற வசைச்சொல் இது. அயல்நாட்டுப் போர் வேண்டாம், அங்கே படைத்தளம் வேண்டாம், அடுத்த நாட்டின் ஆட்சியை நாம் கவிழ்க்க வேண்டாம் என்று யார் வாய் திறந்தாலும் இந்தப் பெயரைக் கொண்டுவந்து ஒட்டுவார்கள். ஒட்டியபின் அவர் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டிய தேவை இராது. தமிழ்ச் செய்திகளில் இது 'தனிமைவாதி' என்றும் 'தனிமைப்போக்கு' என்றும் வருகிறது. அந்தப் பெயரைச் சுமந்த பலர் உலகத்தோடு உறவை அறுத்துக்கொள்ளச் சொன்னவர்களே அல்லர். வணிகத்துக்கும் பயணத்துக்கும் எழுத்துப் பரிமாற்றத்துக்கும் எல்லாக் கதவுகளையும் திறந்து வைக்கச் சொன்னவர்கள். துப்பாக்கி போகிற கதவை மட்டும் சாத்தச் சொன்னவர்கள். இன்று அந்த வழிவந்த கருத்தை விடாமல் பேசுகிறவர்கள் லிபர்டேரியன்கள். தனிமனித உரிமையில் அரசு கை வைப்பது மிகமிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. பொருளாதாரத்தில் அவர்கள் சொல்வதையெல்லாம் நான் ஏற்பதில்லை. ஆனால் போரைப் பற்றி அவர்கள் கேட்கும் கேள்விகள் காது கொடுத்துக் கேட்க வேண்டியவை. அதற்கு முதல் தடையாக நிற்பது இந்தப் பெயர். அதனால்தான் அது வந்த வழியைத் தோண்டிப் பார்க்கிறேன்.

லத்தீன் இன்சுலா, இத்தாலியில் 'ஈசோலா' ஆயிற்று, தீவாக்கப்பட்டது 'ஈசொலாத்தோ'. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'ஈசொலே' என்று எடுத்துக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்துக்கு 'ஐசோலேட்டட்' என்ற வடிவம் வந்தபோது, பிரெஞ்சு வாடை வீசுகிறதென்று முகம் சுளித்தவர்கள் உண்டு. (ஆங்கிலத்தில் தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' இந்தக் குடும்பமே அல்ல. அது பழைய ஜெர்மானியச் சொல். லத்தீன் உறவு என்று தவறாக நினைத்து, உச்சரிக்காத 'எஸ்' எழுத்தைப் பிற்காலத்தில் நடுவே செருகினார்கள்.) பிறகு வேதியியலார் ஒரு தனிமத்தைப் பிரித்தெடுப்பதற்கும், மருத்துவர்கள் நோயாளியைப் பிரித்து வைப்பதற்கும் இச்சொல்லைப் பயன்படுத்தினார்கள். நோயின் வாடை அன்று ஒட்டியது. அரசியலுக்கு வந்தபோதும் போகவில்லை.

சொல் வருவதற்கு வெகுகாலம் முன்பே கொள்கை இருந்தது. 1796 செப்டம்பரில் பதவியை விட்டு இறங்குமுன் ஜார்ஜ் வாஷிங்டன் நாட்டு மக்களுக்கு எழுதிய விடைபெறும் மடல் அதன் மூல ஓலை. எல்லா நாட்டோடும் வணிகம் வளரட்டும். அரசியல் பிணைப்பு இயன்றவரை குறையட்டும் என்பது சாரம். 1801இல் பதவியேற்ற தாமஸ் ஜெஃபர்சன் அதையே இன்னும் சுருக்கிச் சொன்னார்: எல்லோரோடும் அமைதி, வணிகம், நட்பு, காலைச் சுற்றும் கூட்டணி எவரோடும் இல்லை. இருவரும் தம்மை எந்த 'இஸ்ட்' பெயராலும் அழைத்துக்கொள்ளவில்லை.

இந்தக் கதையில் ஒரு சறுக்கலும் உண்டு. பிரிட்டனும் பிரான்சும் மோதிக்கொண்டிருந்த காலத்தில் அமெரிக்கக் கப்பல்களை இரு தரப்பும் மறித்தன. போருக்குப் போகாமல் அவர்களைப் பணிய வைக்க நினைத்த ஜெஃபர்சன், 1807 டிசம்பரில் தம் நாட்டுத் துறைமுகங்களையே பூட்டினார். ஏற்றுமதி ஓராண்டுக்குள் சுமார் 10.8 கோடி டாலரிலிருந்து 2.2 கோடிக்கு விழுந்தது. மாலுமிகளும் கயிறு திரிப்பவர்களும் வேலையிழந்தார்கள். 'எம்பார்கோ' என்ற சொல்லை மக்கள் பின்னிருந்து எழுதி 'ஓக்ராப்மீ' ஆக்கினார்கள். என்னைப் பிடி என்று காதில் விழும். கடத்தல்காரனின் பின்புறத்தைக் கவ்வும் ஆமை ஒன்றுக்கு அந்தப் பெயரிட்டுக் கேலிப்படம் வரைந்தார்கள். 1809 மார்ச்சில் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்கா நிஜமாகவே தீவானது அந்தப் பதினைந்து மாதங்களில்தான். அதைச் செய்தது மக்களின் மேல் அரசு போட்ட பூட்டு. வணிகத்தை மறிப்பதும் அமைதிக் கொள்கையும் ஒன்றல்ல என்று லிபர்டேரியன்கள் பிற்காலத்தில் அடித்துச் சொன்னதற்கு இந்த அனுபவமும் ஒரு சான்று.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இதே கொள்கையைக் கையிலெடுத்தவர் ரிச்சர்ட் காப்டன். மான்செஸ்டரில் காலிகோ துணிக்கு அச்சடித்து விற்றவர். (காலிகோ என்ற பெயர் கள்ளிக்கோட்டையிலிருந்து கப்பலேறியது.) தானிய இறக்குமதிக்கு இருந்த வரியை 1846இல் ஒழிக்க வைத்ததில் இவருக்கும் இவருடைய நண்பர் ஜான் பிரைட்டுக்கும் பெரும்பங்கு. அரசுகளுக்கிடையே உறவு குறையட்டும், மக்களுக்கிடையே உறவு பெருகட்டும் என்பது காப்டனின் கட்சி. இவர்களுக்கும் பட்டப்பெயர்கள் கிடைத்தன. 'மான்செஸ்டர் பள்ளி' என்று ஏளனமாகப் பெயரிட்டவர் பழமைக் கட்சித் தலைவர் டிஸ்ரேலி. எந்த விலை கொடுத்தேனும் சமாதானம் கேட்கிற கூட்டம் என்பது இன்னொன்று.

காப்டன் 1853இல் எழுதிய சிறு நூல் ஒன்றைத் தமிழர்கள் படிக்க வேண்டும். இந்தியாவில் போர்கள் எப்படிக் கிளப்பப்படுகின்றன என்பதே அதன் தலைப்பு. பேசுவது இரண்டாம் பர்மியப் போரைப் பற்றி. ரங்கூன் துறைமுகத்தில் இரண்டு பிரிட்டிஷ் கப்பல் தலைவர்களிடம் உள்ளூர் ஆளுநர் அபராதம் வாங்கினார் என்பது புகார். கேட்ட இழப்பீடு ஆயிரம் பவுனுக்கும் குறைவு. அதை வாங்கிவர இந்தியாவின் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி போர்க்கப்பலை அனுப்பினார். பிறகு மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். தொகை ஒரு லட்சம் பவுனுக்கு ஏறியது. படை இறங்கியதும் பணப்பேச்சே காணாமல் போய், பெகு மாகாணம் முழுவதையும் இழப்பீடாக எடுத்துக்கொண்டார்கள். காப்டன் இதைக் கண்டனக் கூச்சலாக எழுதவில்லை. அரசு தானே அச்சிட்டு நாடாளுமன்றத்தில் வைத்த கடிதங்களை நாள்வாரியாக அடுக்கிக் காட்டினார். அந்தப் போருக்குச் சென்னை ராணுவத்தின் பட்டாளங்களும் போயின. அப்படிப் பிடித்த மண்ணில்தான் பின்னாளில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடைகளும் தமிழ்க் கூலிகளின் லைன் வீடுகளும் எழுந்தன. நம் ஊர்ப் பாட்டிமார் சொன்ன ரங்கூன் கதைகளுக்கு அடியில் அந்த ஆயிரம் பவுன் தகராறு கிடக்கிறது.

1857 மார்ச்சில் சீனத்தின் மேல் தொடுத்த போரைக் கண்டித்துக் காப்டன் கொண்டுவந்த தீர்மானம் 263க்கு 247 என்று வென்றது. பிரதமர் பாமர்ஸ்டன் நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தல் நடத்தினார். தேசப்பற்று வெள்ளத்தில் காப்டனும் தோற்றார், பிரைட்டும் தோற்றார். ஆனாலும் 1860இல் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையே வணிக உடன்படிக்கையைப் பேசி முடித்தவர் அதே காப்டன்தான். இரு நாடுகளும் ஒன்றையொன்று சந்தேகித்துக் கப்பல் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. இந்த மனிதரை எந்தத் தீவில் கொண்டுபோய் உட்கார வைப்பது?

அரசியலில் 'ஐசோலேஷன்' ஓங்கி ஒலித்தது 1896 ஜனவரியில். கனடா நாடாளுமன்றத்தில் ஜார்ஜ் ஃபாஸ்டர் என்ற அமைச்சர், ஐரோப்பாவில் துணையின்றி நிற்கும் பிரிட்டனின் நிலை கம்பீரமானது என்று பேசினார். சில நாளில் பிரிட்டிஷ் அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் லண்டனில் அதை எடுத்துச் சொல்ல, 'கம்பீரத் தனிமை' பத்திரிகைத் தலைப்பாயிற்று. இந்தியாவும் இலங்கையும் பர்மாவும் ஆப்பிரிக்காவின் பெரும் பகுதிகளும் கையில் இருந்த நேரத்தில் பிரிட்டன் தன்னைத் தனித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டது என்பதைக் கவனியுங்கள். அன்றைக்கு ஐசோலேஷன் என்றால் ஐரோப்பியக் கூட்டாளி இல்லை என்று மட்டுமே பொருள். அடிமைப்பட்ட நாடுகள் கணக்கில் வரவில்லை.

இரண்டே ஆண்டில் அமெரிக்கா ஸ்பெயினோடு போர் தொடுத்தது. முடிவில் 2 கோடி டாலர் கொடுத்து பிலிப்பைன்ஸை வாங்கியது. வாங்கப்பட்ட மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 1899 பிப்ரவரி 4 இரவு மணிலாவில் துப்பாக்கி வெடித்து, அமெரிக்கருக்கும் பிலிப்பினோக்களுக்கும் போர் மூண்டது. 6ஆம் தேதி செனட் 57க்கு 27 என்று ஸ்பெயினோடு செய்த உடன்படிக்கையை ஏற்றது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே ஒரு வாக்குதான் கூடுதல். அந்தப் போரில் 4,200க்கு மேற்பட்ட அமெரிக்கர்களும் 20,000க்கு மேற்பட்ட பிலிப்பினோ போராளிகளும் செத்தார்கள். பஞ்சத்திலும் நோயிலும் வன்முறையிலும் மாண்ட பொதுமக்கள் 2 லட்சம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்க அரசே பிற்காலத்தில் சொன்ன கணக்கு.

பிலிப்பைன்ஸை எடுத்துக்கொள்வதை எதிர்த்து பாஸ்டனில் ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கம் எழுந்தது. மார்க் ட்வைனும் ஆண்ட்ரூ கார்னெகியும் அதில் இருந்தார்கள். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கிரஹாம் சம்னர் 1899 ஜனவரியில் ஆற்றிய உரையின் தலைப்பே வியப்பூட்டும்: அமெரிக்காவை ஸ்பெயின் வென்ற கதை. களத்தில் தோற்றது ஸ்பெயின். ஆனால் அதன் பேரரசு ஆசையை நாம் வாங்கிக்கொண்டதால் மனத்தளவில் தோற்றது நாமே என்று வாதாடினார். சங்கத்தின் இன்னொருவர் எட்வர்ட் அட்கின்சன், பருத்தி ஆலைத் தொழிலில் வளர்ந்தவர். போரின் செலவையும் கொடுமையையும் எழுதிய தம் துண்டுநூல்களை மணிலாவில் இருந்த தளபதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் தபாலில் அனுப்பினார். அனுப்பப்போகிறேன் என்று முன்கூட்டியே அரசுக்கும் தெரிவித்தார். தபால்துறை அமைச்சர் அந்த உறைகளை சான் பிரான்சிஸ்கோவிலேயே தபால் மூட்டையிலிருந்து எடுத்துவிட உத்தரவிட்டார். செய்தி பரவியதும் அந்த நூல்களுக்குக் கிராக்கி கூடியது.

'ஐசோலேஷனிஸ்ட்' என்ற அரசியல் பெயர் அச்சில் தலைகாட்டுவது இந்தச் சூட்டில்தான், 1890களின் கடைசியில். சம்னரும் அட்கின்சனும் வாழ்நாளெல்லாம் இறக்குமதி வரியை எதிர்த்தவர்கள். எதிர்முகாமின் தலைவரான அதிபர் மெக்கின்லியோ, 1890இல் சராசரி இறக்குமதி வரியை ஏறத்தாழ 50 விழுக்காட்டுக்கு உயர்த்திய சட்டத்துக்குத் தம் பெயரையே கொடுத்தவர். வேலி கட்டியவர் இவர். வேலி வேண்டாமென்றவர்கள் அவர்கள். 1901 செப்டம்பர் 5ஆம் தேதி பஃபலோ கண்காட்சியில், தனித்திருப்பது இனி முடியாது, விரும்பத்தக்கதும் அல்ல என்று மெக்கின்லி பேசினார். மறுநாள் சுடப்பட்டார், எட்டு நாளில் இறந்தார். அந்தப் பேச்சைப் படித்தால், அவர் சொன்னது தந்தியும் நீராவிக் கப்பலும் வணிகமும் நாடுகளை நெருக்கிவிட்டன என்பதைப் பற்றி. அதில் சம்னருக்கு என்ன மறுப்பு இருந்திருக்கும்? ஆனால் அந்த வரி வணிகத்திலிருந்து நழுவிப் படையெடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. ஐசோலேஷன் கூடாது என்றால் பட்டாளம் அனுப்பலாம் என்று பொருளாயிற்று. இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்குப் பெரிதாகப் படுகிற புரட்டு இதுவே.

முதல் உலகப்போருக்குப் பிறகு, 1920களில், 'இஸம்' சேர்ந்து கொள்கையாகவே நிலைத்துவிட்டது. அந்தப் பெயரால் இகழப்பட்டவர்களில் ஒருவரை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம். ஆஸ்வால்ட் காரிசன் வில்லார்ட். அடிமை ஒழிப்புப் போராளி வில்லியம் லாயிட் காரிசனின் மகள்வயிற்றுப் பேரன். தந்தை ஜெர்மனியிலிருந்து வந்து ரயில் முதலாளியானவர். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் 1909இல் தோன்றக் காரணமான அறைகூவலை எழுதியவர் வில்லார்ட். தடையற்ற வணிகத்துக்காகக் கடைசிக் காலத்தில் தனி நூலே எழுதினார். 'தி நேஷன்' வார இதழ் இவர் கையில் இருந்தபோது, 1918 செப்டம்பரில் ஓர் இதழைத் தபால்துறை முடக்கியது. அதிபர் வில்சன் தலையிட்ட பிறகே விடுபட்டது. 1920இல் அதே ஏடு ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் ஹைதி கட்டுரைகளை வெளியிட்டது. 1915 முதல் அந்தத் தீவு நாட்டைப் பிடித்து வைத்திருந்த அமெரிக்கக் கடற்படைவீரர்கள், சாலை போடக் கிராமத்தவரைக் கூலியில்லாத அமஞ்சி வேலைக்கு இழுத்ததையும், எதிர்த்தவர்கள் கொல்லப்பட்டதையும் அமெரிக்க வாசகர்கள் அதில் படித்தார்கள். ஹைதியின் துயரத்தை அமெரிக்காவுக்குச் சொன்னவர் உலகத்தின் மேல் அக்கறையற்றவர் என்று பெயர் எடுத்தார்! 1940இல் 'தி நேஷன்' ஆயுதப் பெருக்கத்தை ஆதரிக்கத் தொடங்கியதும், தாம் கட்டிக் காத்த அதே ஏட்டில் எழுதுவதை வில்லார்ட் நிறுத்திவிட்டார்.

1937 அக்டோபரில் அதிபர் ரூஸ்வெல்ட் சிகாகோவில் பேசினார். போர்வெறி தொற்றுநோய், அதைப் பரப்புகிற நாடுகளைக் 'குவாரண்டைன்' செய்ய வேண்டும் என்றார். வெனிஸ் நகரம் கப்பல்களை நாற்பது நாள் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்திய வழக்கத்திலிருந்து வந்த சொல் அது. பிற நாடுகளைப் பிரித்து வைக்கச் சொன்னவருக்குச் சர்வதேசவாதி என்று பெயர். அதை மறுத்தவர்களுக்கு ஐசோலேஷனிஸ்ட் என்று பெயர். அடுத்த ஜனவரியில், நாடு தாக்கப்பட்டாலன்றி மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் போர் அறிவிக்கக் கூடாது என்ற அரசியல் சட்டத் திருத்தம் கீழவையில் 209க்கு 188 என்று விவாதத்துக்கே வராமல் போனது.

இனிச் சொல்வது கசப்பானது. 1940 செப்டம்பரில் தொடங்கிய 'அமெரிக்கா முதலில்' குழுவில் 8 லட்சம் பேர் சேர்ந்தார்கள். அதன் பெரிய நட்சத்திரம் விமானி சார்ல்ஸ் லிண்ட்பெர்க். 1941 செப்டம்பர் 11ஆம் தேதி டெமாயின் நகரில், நாட்டைப் போருக்குத் தள்ளுகிறவர்கள் பிரிட்டிஷார், யூதர்கள், ரூஸ்வெல்ட் அரசு என்று அவர் பேசினார். ஐரோப்பாவில் யூதர்கள் வேட்டையாடப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பேச்சு இயக்கத்தின் மேல் விழுந்த கறை. இன்றுவரை போகவில்லை, போகவும் கூடாது. அந்தப் பெயரின் நிழலில் நிஜமாகவே அந்நியரை வெறுத்தவர்களும் இருந்தார்கள். ஹிட்லரை வேறெப்படி நிறுத்தியிருக்க முடியும் என்ற கேள்விக்கு, முதல் போரில் தலையிட்டதும் வெர்சாய் உடன்படிக்கையும்தான் அவனை வளர்த்தன என்று லிபர்டேரியன்கள் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 1941இல் வதைமுகாமில் இருந்தவனுக்கு அது பதில் ஆகாது. அவர்களிடம் இதற்கு நிறைவான விடை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அதே நேரத்தில் இன்னொன்றையும் பக்கத்தில் வைக்க வேண்டும். 1939 மே மாதம் 937 பயணிகளோடு, பெரும்பாலும் யூத அகதிகள், ஹாம்பர்க்கிலிருந்து புறப்பட்டது 'செயின்ட் லூயி' கப்பல். ஹவானாவில் 28 பேரை மட்டுமே இறங்கவிட்டார்கள். ஃபுளோரிடாக் கரை கண்ணுக்குத் தெரிய நின்றது. அமெரிக்காவும் இடம் தரவில்லை. ஐரோப்பாவுக்குத் திரும்பியவர்களில் 254 பேர் இனப்படுகொலையில் மாண்டார்கள். அந்தத் துறைமுகத்தைப் பூட்டியது 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம். அப்போது ஆட்சியில் இருந்தது சர்வதேசவாதி என்று பெயரெடுத்த ரூஸ்வெல்ட் அரசு. ஒரு நாடு தன்னைத் தீவாக்கிக்கொண்டது என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட மறுநாள் கீழவையில் 388 பேர் போருக்கு வாக்களித்தார்கள். மறுத்தவர் ஜெனட் ராங்கின் ஒருவர். அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்வான முதல் பெண். 1917இலும் போருக்கு மறுத்தவர். கூட்டம் சூழ்ந்துகொள்ளவே டெலிபோன் அறைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டு காவலரை அழைத்தார். பின்னாளில் காந்தியின் வழியை அறிய இந்தியாவுக்குப் பலமுறை வந்தார். அவர் லிபர்டேரியன் அல்லர். ஆனால் அவருக்கும் அதே பட்டம்தான்.

போருக்குப் பிறகு அந்தப் பெயர் ஒரு கட்சியின் தலைவரையே வீழ்த்தப் பயன்பட்டது. செனட்டர் ராபர்ட் டாஃப்ட் 1949இல் நேட்டோவை எதிர்த்த 13 பேரில் ஒருவர். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை முகாம்களில் அடைக்கத் துணைநின்ற சட்டம் 1942இல் வந்தபோது செனட்டில் அதை எதிர்த்துப் பேசிய ஒரே குரல் அவருடையது. அந்நியர்மேல் வெறுப்புள்ளவர் செய்கிற காரியமா இது? 1952இல் அதிபர் வேட்பாளர் போட்டியில் அவர் ஐசன்ஹோவரிடம் தோற்றார். ஐசோலேஷனிஸ்ட் என்ற முத்திரை அப்போதும் அவர் நெற்றியில் இருந்தது.

லிபர்டேரியன் என்ற பெயர் இன்றைய பொருளில் அமெரிக்காவில் பரவியது 1950களுக்குப் பிறகுதான். அவர்களின் அடிப்படை விதி ஒன்று: யார் மேலும், யார் உடைமை மேலும் முதலில் கை ஓங்காதே. தற்காப்புக்கு அடிக்கலாம். அவர்களில் ஒருவரான பொருளாதார அறிஞர் மர்ரே ராத்பார்ட் 1963இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த விதியை அரசுக்கும் பொருத்தினார். திருடனைத் துரத்துகிறவன் தெருக்கூட்டத்தின் மேல் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டால், திருடன் தப்பாமல் இருக்கச் சுட்டேன் என்பது சமாதானமாகுமா என்று கேட்டார். குண்டும் அணு ஆயுதமும் குற்றவாளியை மட்டும் பார்த்து விழுவதில்லை. மேலும் போருக்கான பணம் கட்டாய வரி. போருக்கான ஆள், அன்று, கட்டாயச் சேர்ப்பு. அதனால் ஒவ்வொரு போரும் எதிரி நாட்டு அப்பாவியையும் சொந்த நாட்டுக் குடிமகனையும் ஒருசேர மிதிக்கிறது. 1973இல் அமெரிக்கா கட்டாய ராணுவச் சேர்ப்பைக் கைவிட்டதில், அதற்கான ஆணையத்தில் இருந்த பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மனின் வாதங்களுக்கும் பங்குண்டு.

அந்த முகாமிலும் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதில்லை. இராக் போரை லிபர்டேரியன் ஒருவர் ஆதரிக்கலாம் என்று சட்டப் பேராசிரியர் ராண்டி பார்னெட் 2007இல் எழுதினார். அதே ஆண்டு டெக்சஸ் காங்கிரஸ் உறுப்பினர் ரான் பால், மகப்பேறு மருத்துவர், தம் கட்சியின் விவாத மேடையிலேயே நின்று, நம் தலையீடுகள்தான் நம்மேல் திரும்பி வருகின்றன என்று சொல்லிக் கூச்சலை வாங்கிக்கொண்டார். 2002 அக்டோபரில் இராக் தீர்மானத்தைக் கீழவையில் எதிர்த்த ஆறு குடியரசுக் கட்சியினரில் அவர் ஒருவர். போர் வேண்டுமானால் அரசியல் சட்டப்படி காங்கிரசே போரை அறிவிக்கட்டும் என்று கீழவையின் வெளியுறவுக் குழுவில் தீர்மானமும் வைத்தார். தாம் அதை எதிர்த்தே வாக்களிப்பேன் என்றும் சொன்னார். யாரும் துணியவில்லை. தம்மை ஐசோலேஷனிஸ்ட் என்றவர்களுக்கு அவர் சொன்ன பதிலின் சாரம்: வணிகத்தடை போட்டு நாடுகளைத் துண்டிக்கிறவர்களே அந்தப் பெயருக்கு உரியவர்கள்.

கியூபாவைப் பாருங்கள். நிஜமான தீவு. 1962 பிப்ரவரி முதல் அமெரிக்க வணிகத்தடை. அந்த ஆண்டு அக்டோபரில், அங்கே சோவியத் ஏவுகணைகள் வந்தது தெரிந்ததும், அதிபர் கென்னடி தீவைச் சுற்றிக் கடற்படையை நிறுத்தினார். முற்றுகை என்றால் போர்ச்செயல் ஆகிவிடும் என்பதால் 'குவாரண்டைன்' என்றார். ஏவுகணைகள் போயின, வணிகத்தடை மட்டும் நின்றுவிட்டது. அதைக் கைவிடச் சொல்லி ஐ.நா. பொதுச்சபை 1992 முதல் திரும்பத் திரும்பப் பெரும்பான்மையாக வாக்களித்து வருகிறது. அந்தத் தடையை விலக்கச் சொன்ன ரான் பாலுக்குத் தனிமைவாதி என்ற பெயர் ஒட்டியது. அதை அறுபது ஆண்டுக்கு மேலாகக் காத்தவர்களுக்கு ஒட்டவில்லை.

ஆங்கிலம் இங்கே ஒரே சொல்லுக்குள் இரண்டு காரியங்களை மூடி வைத்திருக்கிறது. தமிழ் அப்படியல்ல. ஒதுங்குவது தன்வினை, ஒதுக்குவது பிறவினை. அடங்கு, அடக்கு என்பதுபோல ஒரு மெல்லினம் வல்லினமாகத் திரிந்தால் செய்கிறவனும் படுகிறவனும் வேறாகிவிடுகிறார்கள். சண்டையிலிருந்து விலகி நிற்பவன் ஒதுங்கினான். ஊரே கூடி ஒரு குடும்பத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் மறுத்தால் அது ஒதுக்கிவைத்தது. காப்டனும் சம்னரும் வில்லார்டும் ஒதுங்கினார்கள், அதுவும் போரிலிருந்து மட்டும். கியூபா ஒதுக்கப்பட்டது. 'தனிமைப்படுத்தல்' என்று இரண்டையும் ஒரே சட்டியில் போட்டு மொழிபெயர்க்கும்போது நம் மொழியே தந்த இந்தத் தெளிவை நாமே வீசிவிடுகிறோம். கொரோனாக் காலத்தில் வீட்டு வாசலில் ஒட்டிய தாளைப் பார்த்த கண்ணுக்கு, 'தனிமைவாதி' என்றதும் நோய் நினைவுதான் முதலில் வருகிறது.

வந்த சண்டையை விடாதே, வலுச்சண்டைக்குப் போகாதே என்று நம் ஊரில் சொல்வார்கள். லிபர்டேரியன்களின் முதல் விதியும் இதுதான். படிப்பில்லாத பெரியவர்களுக்கும் புரிகிற இந்தச் சொல் கையில் இருக்க, லத்தீன் தீவை எதற்குக் கடன் வாங்க வேண்டும்?

செய்தி மேசையில் உட்கார்ந்து வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஐசோலேஷனிஸ்ட் என்ற சொல் வந்தால், அவர் வணிகத்தை மறிக்கச் சொன்னாரா, அகதியைத் தடுக்கச் சொன்னாரா, அல்லது படையை அனுப்பாதே என்று மட்டும் சொன்னாரா என்று பாருங்கள். முதல் இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் தனிமைவாதி என்றே எழுதுங்கள். மூன்றாவதை மட்டும் சொன்னவரானால் 'தலையிடாக் கொள்கையர்' என்று எழுதுங்கள்.